பேக்கப் எடுத்தாச்சு

டேப்பின் மேலிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. அவள் அடுத்ததை எடுத்தாள். அதுவும் கடையிலிருந்து வந்த மினுமினுப்பு மாறாமல் இருந்தது.

ஞாயிறு மதியம். சர்வர்கள் எரிந்துபோனால் ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களை எப்படி மீட்பது என்று அவள் போட்ட திட்டத்துக்கு இன்று ஒத்திகை. ஜன்னலில்லாத அந்த அறையில் இயந்திரங்களின் ஓயாத இரைச்சலும், சூடேறிய வயரின் வாடையும், மூலையில் தீயணைப்பு வாயு நிரப்பி நிறுத்திய ஆளுயரச் சிவப்பு உருளைகளும் அவளுக்கு வீட்டுச் சமையலறை மாதிரிப் பழகியவை.

அலமாரியில், தினமும் நோயாளி விவரங்களை நகலெடுத்து வைக்க வேண்டிய எட்டு மாதத்து டேப்புகள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய தாளில் மட்டும் ‘பேக்கப் எடுத்தாச்சு’ என்று நாள்தோறும் அண்ணனின் கையெழுத்து. இன்றைக்குத் தேதி பத்தொன்பதுதான். கையெழுத்து முப்பத்தொன்று வரை போயிருந்தது. அவன் கூப்பிட்டான் என்றுதானே நல்ல வேலையை உதறிவிட்டு இந்தக் கம்பெனிக்கு வந்தாள்?

போன் போட்டாள்.

"ஒரு டேப்கூடப் பிரிக்கலையேண்ணா."

"வேலை நெருக்கடிம்மா. யாருக்கும் தெரிய வேணாம்."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்காரங்களுக்குச் சொல்லியாகணும். என்னால மறைக்க முடியாது."

"அங்கேயே இரு. இதோ வந்துட்டேன்" என்றான்.

வெளியே குறுகலான வராந்தாவில் செருப்புச் சத்தம் வந்தது. கதவருகே நின்றது. உள்ளே வரவில்லை. வெளிச்சுவரில், தீ மணிப் பெட்டியின் கண்ணாடி நொறுங்கியது. தலைக்கு மேல் மணி அலறியது.

முப்பது விநாடி. அதற்குள் வெளியேற வேண்டும். பிறகு வாயு திறக்கும். தீயை அணைக்கும், உள்ளே இருப்பவர் மூச்சையும் அணைக்கும். ஓடினாள். மணி அடித்தால் கதவுப் பூட்டு தானாக விடுபட வேண்டும் என்று திட்டத்தில் எழுதியவளே அவள்தான். விடுபட்டது. தள்ளினாள். ஒரு விரலளவு திறந்தது. திரும்ப மூடிக்கொண்டது.

"அண்ணா!"

மறுபடி தள்ளினாள். ஒரு விரல். மூடியது.

கதவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தாள். அண்ணன். கதவில் முதுகைக் கொடுத்து, எதிர்ச்சுவரில் ஒரு காலை ஊன்றி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தான்.

ஊன்றிய கால் நகரவில்லை. அவளுக்குப் பின்னால் உருளைகள் சீறின.