இருமிய டிக்கி

“லொக்... லொக்!”

இருமியது மனிதன் அல்ல. கார்!

கல்மண்டபம் ஏரியாவில் இருபத்தெட்டு வருஷமாக ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் உசேன், அழுகிற கார் பார்த்திருக்கிறார். விக்கல் எடுக்கிற காரும் பார்த்திருக்கிறார். இருமுகிற காரை இன்றைக்குத்தான் பார்க்கிறார். அதுவும் பட்டப்பகலில்!

காரைக் கொண்டுவந்தவர் ஞானதுரை. வெள்ளைச் சட்டை, தங்கச் செயின்... பார்த்தால் மொத்த வியாபாரி. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் வந்து இறங்கியிருந்தார்.

“இன்ஜின் லைட்டு எரியுது. அணைச்சுக் குடும். மாதவரத்துல வண்டி வாங்க ஆளு காத்துக்கிட்டு இருக்கான்.”

உசேன் ஸ்கேனரை மாட்டினார். பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது என்றது. டாங்க் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரே வழி... ஆவி போகிற குழாய்க்குள் மெஷினால் புகையை ஏற்றுவது. புகை எங்கே வெளியே வருகிறதோ, அங்கே ஓட்டை!

“டிக்கிய தொறங்க அண்ணாச்சி. அதும் பக்கமாத்தான் ட்யூபு போவுது.”

ஞானதுரை சட்டையைத் தூக்கினார். இடுப்பில் கத்தி!

“தொறக்காமலே பாரும்.”

உசேன் மெஷினைப் போட்டுப் பார்த்தார். டிக்கி இடுக்கில் புகை வந்தது.

கூடவே இருமலும் வந்தது!

‘யா அல்லா... ஆளைக் கடத்தி வச்சிருக்கானே!’

மெஷினை நிறுத்தினால் இருமல் காதில் விழுந்தது தெரிந்துவிடும். கத்தி வயிற்றில்! நிறுத்தாவிட்டால் உள்ளே ஓர் உயிர்...

“என்னவே சத்தம்?” ஞானதுரையின் கை இடுப்புக்குப் போனது.

“அ... அது... பழைய வண்டி அண்ணாச்சி. பொக ஒத்துக்கல.”

“லொக்... லொ...”

இருமல் மெலிந்தது. நின்றே போனது!

வெளியே வரிசைகட்டி நின்ற கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தன. அலறினாலும் யாருக்கும் கேட்காது. மெஷின் சுவிட்ச் இரண்டடி தூரம்தான். உசேன் கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் விழுந்து மெஷினை நிறுத்தினார்.

“என்னிய இன்னா வோணா பண்ணு... உள்ள கீற ஆள வுட்டுடு அண்ணாச்சி!”

கத்தி விழுந்தது... தரையில்!

கண்ணைத் திறந்தால், ஞானதுரை அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பாய்! சத்தியமா நான் யாரையும் கடத்தல! வண்டிய மட்டும்தான் திருடினேன்! டிக்கிய எப்படித் தொறக்கன்னே எனக்குத் தெரியாது!”

உசேன் பாய்ந்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலிருந்த லீவரை இழுத்தார். புகைக்குள்ளிருந்து ஓர் ஒல்லி ஆசாமி எழுந்தான். கையில் ஸ்பேனர்!

“யார்ரா நீ?”

“டென்னிஸ்... காசிமேடு.” மூச்சு வாங்கினான். “காலைல இந்த வண்டில ஸ்டெப்னி கழட்டிகினு இருந்தேன். இவரு வந்தாரு. ஓனருன்னு பயந்து உள்ள பூந்து மூடிக்கினேன். வண்டிய எடுத்துட்டாரு பாய்! உருண்டதுல ஏதோ ட்யூபு கால்ல மாட்டிப் புடுங்கிக்கிச்சு.”

“அவரு ஓனரு இல்லடா. அவரும் திருடன்தான்!”

டென்னிஸ் ஞானதுரையை மேலும் கீழும் பார்த்தான்.

“இன்னா நைனா... ஒருத்தன் வேல செஞ்சுகினு கீறப்பவே வண்டியத் தூக்குவியா? தொழில்ல ஒரு மரியாத வாணாம்?”