பதிந்து எடுத்த அழுகை

தாயின் மூளை ஸ்கேனுக்காக அழுகையைப் பதிந்து எடுத்த நாளிலிருந்து குழந்தை அழவேயில்லை. "அழுவுடா, நல்லா அழுவு" என்று செல்போனைப் பிடித்தபடி துளசிராமன்தான் பேரனை உசுப்பினார். அதன் பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். நல்லதென்றே எடுத்துக்கொண்டார். கவரைப்பேட்டையில் அவர் வீட்டுச் சத்தம் தெருவுக்குப் போனதில்லை.

மருமகள் நர்மதா பிள்ளையைத் தொடுவதில்லை. பெற்றதிலிருந்து சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். மகன் கும்மிடிப்பூண்டி ஆலையில் ஷிப்டு பார்க்க, கோயிலுக்கு என்று ஊரில் சொல்லிவிட்டு அவர்தான் அவளைச் சென்னைக்கு அழைத்துப் போனார். ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் அவள் தாலியைக் கழற்றச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இயந்திரத்துக்குள் கிடந்தவளின் காதில் அந்த அழுகையை ஒலிக்கவிட்டார்கள். திரையில் மூளை சாம்பலாகவே இருந்தது.

"கொழந்தை அழுதா தாய்க்கு இந்த இடம் துடிக்கணும், ஐயா" என்றார் டாக்டர் காயத்ரி. "துடிக்கல. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மன அழுத்தம், சரி பண்ணிடலாம்." தயங்கினார். "ஆனா சத்தத்த நிறுத்தினதும் பளிச்சுன்னு எரியுது. இல்லாத எதையோ கேக்குறாங்க. ரெண்டு பேரையும் இங்கயே சேத்துடுங்க."

"எம் பொண்ணப் பாக்க வர்றாங்க. அதெல்லாம் அப்புறம்."

திரும்பும் ரயிலிலேயே செல்போனில் இருந்த பதிவை அழித்தார். ஆஸ்பத்திரியின் சுவடு வீட்டுக்குள் வரக்கூடாது.

பள்ளிப்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த மாலை, கேசரியின் நெய்மணமும் மல்லிகையும் ஜன்னல் வழியே வந்த இரும்பாலைப் புகையும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் படிய, தூரத்து ரயிலின் கடகடப்பு ஓய்ந்த இடத்தில், உள்ளறையில் தூளிக் கயிறு உத்தரத்தோடு உரசும் சத்தம் கிரீச், கிரீச்சென்று கேட்டுக்கொண்டிருந்தது. துளசிராமன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். பேரன் அவர் மடியில்தான் இருந்தான்.

தூளி காலி. காற்றில் ஆடுகிறது.

காற்றே இல்லை.

"இன்னா சம்மந்தி, கொயந்த இவ்ளோ அமைதியா கீறான்?" மாப்பிள்ளையின் அம்மா குணசுந்தரி சிரித்தாள். "எங்க ஊட்ல ஒண்ணு கீது, கத்துற கத்துல தெருவே பேஜாராவுது."

"எங்க ஊட்டுப் புள்ள சத்தம் போடாதும்மா."

மடியில் குழந்தை நெளிந்தது. முகம் சிவந்தது. வாய் அகலத் திறந்தது. கண்ணோரம் நீர். சின்னத் தொண்டை துடித்தது.

சத்தம் இல்லை.

உள்ளறையிலிருந்து அழுகை கேட்டது.

காப்பி டம்ளர் குணசுந்தரியின் வாயருகே நின்றது. "ரெட்டப் புள்ளைங்களா? சொல்லவே இல்லியே!"

துளசிராமன் உள்ளறைப் பக்கம் திரும்பினார். கதவுத் திரை விலகியிருந்தது. நர்மதா நின்றுகொண்டிருந்தாள். தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதன் சேலை ஏதோ ஒரு கனத்தில் தரை தொடத் தொங்கியது. அவள் முகத்தில் சிரிப்பு. பிள்ளை பிறந்த பின் முதல் சிரிப்பு.

"கேக்குதா மாமா? எம் புள்ள."

விம்மல். ஒரு விக்கல். பிறகு தூளிக்குள்ளிருந்து அவருடைய குரலே வந்தது.

"அழுவுடா. நல்லா அழுவு."

மடியில், திறந்த வாய் மூடவேயில்லை.