டேப்பின் மறுமுனை

சர்வேயர் அளவு டேப்பின் சுருளை எடுத்துக்கொண்டு நிலத்தின் கீழ்மூலைக்கு இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே அது விண்ணென்று இறுகியது. இந்தச் சரிவில் அவர் அவ்வளவு வேகமாக நடக்கக்கூடியவர் இல்லையே என்று நாகலெட்சுமிக்குத் தோன்றியது.

அக்கரப்பத்தனையில் மதியத்துக்கு மேல் இறங்கும் பனி, ஈரமண்ணும் பச்சைக் கொழுந்தும் கலந்த வாசத்தோடு தேயிலைச் செடிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டுவர, அவள் மேல்மூலைக் கட்டையில் டேப்பின் நுனியை அழுத்திப் பிடித்துக் குந்தியிருந்தாள். தோட்டத்தில் தனக்குக் கிடைத்த இந்த ஏழு பேர்ச் நிலத்தை அளந்து முடித்தால்தான் வீட்டுக்கு அஸ்திவாரம். வீடு எழும்பினால்தான் கொழும்பிலிருந்து மகள் பிரியந்தி வருவாள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு இனி வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். புருஷன் சோலைமலை போனதிலிருந்து அந்த ஒற்றை அறையில் பேச்சுத்துணைக்கு ரேடியோதான். அவரைப் புதைத்த பழைய மயானம் இதுதான், மேலே தேயிலை நட்ட பிறகு அடையாளமே இல்லை என்பதை அவள் சர்வேயரிடம் சொல்லவில்லை. சொன்னால் நிலம் கைவிட்டுப் போய்விடும்.

"நாகலெட்சுமி!"

பனிக்குள்ளிருந்து குரல்.

"இருக்கேங்க!"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டதும் பதில் சொல்லாவிட்டால் அன்றைய வேலை போச்சு. அப்படியே பழகிய வாய். பனிக்குள் முதல் கூப்பாட்டுக்குப் பதில் கொடுக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது. சர்வேயர் காலையிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

"கீழ யாரு, அக்கா?"

முதுகுக்குப் பின்னால் சர்வேயர். கையில் குடை.

"நீங்கதானே சேர் கீழ போனீங்க?"

"டேப்ப அங்கேயே போட்டுட்டு, படி வழியா ஏறிக் குடை எடுக்கப் போனேன். பனியில ஒண்ணுமே தெரியல. விட்டுட்டு வாங்க, வேற நாளைக்குப் பாப்போம்."

அவர் செருப்புச் சத்தம் ரோட்டுப் பக்கம் தேய்ந்தது. வேறு நாள் என்றால் எத்தனை மாதமோ. பிரியந்தி காத்திருக்க மாட்டாள். நாகலெட்சுமி நுனியை விடவில்லை.

"மீனம்மா!" பனிக்குள் அதே குரல்.

"இருக்கேங்க."

பதில் கீழேயிருந்து வந்தது. மீனம்மாவின் சாவில் ஒப்பாரி வைத்தவள் நாகலெட்சுமிதான்.

"அழகன்!"

"இருக்கேங்க."

இன்னும் கிட்டே. செடிகளின் அடியிலிருந்து.

"சோலைமலை!"

"இருக்கேங்க."

அந்தப் பயத்திலும் அவளுக்கு அழுகை வந்தது. இந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலம்.

விடு என்றது மனம். விரல்கள் கேட்கவில்லை.

பனி விலகியது. பெரட்டுக்கு நிற்பதுபோல் வரிசையாக ஆட்கள். தலையில் கம்பளி. முதுகில் கூடை. முகமெல்லாம் மண். சோலைமலைக்குப் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் காலி.

டேப் அங்கேதான் போய் நின்றது. இடுப்புயரத்தில். விண்ணென்று.

சுருளை யாரும் பிடித்திருக்கவில்லை.