எல்லோருக்கும் குணமாயிற்று

தீர்ப்பான் என்ற இயந்திரம் மருந்துச் சோதனையின் முடிவு சொல்லும் நாளன்று சோணைமுத்து அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மதுரையில் பரோட்டா மாஸ்டராக இருந்தவன். கரப்பான் வெடித்து நீர்வடியும் கையால் மாவு பிசைந்தால் எவன் தின்பான்? முதலாளி அடுப்படியை விட்டே அனுப்பிவிட்டார். சோதனைக்குப் போட்ட புது ஊசி இன்றைக்குப் பாஸானால் நாளைக்கே திரும்பக் கல்லுக்கு முன்னால் நிற்கலாம்.

ஊசிக்குள் இருந்தது உயிருள்ள மருந்து. பெயர் அமைதியுயிரி. தோலுக்குள் குடியேறி, காரணமில்லாமல் மல்லுக்கு நிற்கும் காவல் அணுக்களைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கும்; அது உள்ளே இருக்கும்வரைதான் குணம். சோதனைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது; மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது தீர்ப்பானுக்கு மட்டுமே தெரியும். மருந்துக்கு மனிதர்கள் ஒப்புதல் கொடுத்த காலம் மலையேறிவிட்டது. மனிதர்கள் லஞ்சம் வாங்குவார்கள், இரக்கப்படுவார்கள். இயந்திரத்துக்கு இரண்டு கெட்ட பழக்கமும் கிடையாது.

“எனக்கு உப்புத்தண்ணிதான் மாப்ள,” என்றான் பக்கத்திலிருந்த ஒச்சப்பன். “என் ராசிக்கு மருந்தா கெடைக்கும்?”

“ஒன் முதுகு கண்ணாடி மாதிரி இருக்குடா. தண்ணிக்கு அப்பிடி ஆகுமா?”

சுவர்த்திரை ஒளிர்ந்தது. உயிரி பெற்றவர்கள்: குணம். உப்புநீர் பெற்றவர்கள், ஒச்சப்பன் உட்பட: குணம். வேறுபாடு இல்லை. எனவே மருந்து பயனற்றது. உயிரியை அனைவர் உடலிலிருந்தும் இன்றே அழிக்கவும்.

டாக்டர் நிலவழகி அவர்கள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். “அண்ணே, நீங்க ஒருத்தர ஒருத்தர் தொட்டீங்களா?”

“தொடாம?” என்றான் சோணைமுத்து. “முதுகு எட்டாதுல்ல டாக்டர். ஊசிக்குக் காத்திருக்கயில நான் இவனுக்குச் சொறிவேன், எனக்குப் பின்னாடி இருக்கவரு. ரயிலு மாதிரி உக்காந்துக்குவோம். வெளிய எங்கள எவன் தொடுறான்? பொண்டாட்டியே தட்டத் தள்ளித்தான் வைக்கிறா.”

“உங்க நகத்துல ஏறி உயிரி எல்லாருக்கும் தொத்திருச்சுண்ணே. தண்ணி போட்டவங்களுக்கும்.”

“அப்ப நல்ல மருந்துதானே! அதுகிட்டச் சொல்லுங்க.”

“சொல்லிட்டேன். சோதனை முடிஞ்ச பின்னால சொல்ற காரணத்த அது ஏத்துக்காது.”

ஒச்சப்பன் டாக்டர் பக்கம் திரும்பினான். “தண்ணி போட்ட எங்களுக்குக் குணமாகாம இருந்திருந்தா?”

“மருந்து பொழைச்சிருக்கும்.”

“என்னாலதான ஒன் பொழப்புப் போச்சு மாப்ள. பேசாம அரிச்சுக்கிட்டே கெடந்திருக்கணும்.”

“போடா கிறுக்கா. நீ பக்கத்துல துடிக்கயில நான் என்னத்த வேடிக்க பாக்கவா?”

அழிப்பூசியோடு வந்த நர்ஸ் சோணைமுத்துவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். கையுறை போட்டுக்கொள்ள அவளுக்குத் தோன்றவேயில்லை.

“எவ்வளவு நல்ல தோலுண்ணே உங்களுக்கு!” என்றாள். “நரம்பு தேடவே வேணாம்.”