வாலைத் தூக்கு, வரதா!

"உச்சி வெயிலுக்குள் அந்த விமானத்தின்மீது குண்டு போட்டுவிடுவோம்!" என்றார் முகாமின் வெள்ளைக்காரத் துரை.

முதல் உலகப் போரின் மெசபடோமியப் பாலைவன முகாமில் நின்றிருந்த, மதராஸ் சாப்பர் என்கிற மண்வெட்டிப் படையின் சிப்பாய் வரதன் ஓரடி முன்னால் வந்தான். காலையில் தாழப் பறந்து துருக்கியரைச் சுடப்போன அந்த இரட்டை இறக்கை விமானம் எதிரிப் பக்கம் விழுந்து கிடந்தது. முன் இருக்கையில் வெள்ளைக்கார விமானி. பின் இருக்கையில், காய்ச்சலில் படுத்துவிட்ட துப்பாக்கிக்காரனுக்குப் பதிலாக ஏறிப் போனவன் வரதனின் அண்ணன் எத்திராஜு! விமானத்தின் இயந்திரத் துப்பாக்கி துருக்கியர் கையில் சிக்கக் கூடாதாம். மனிதன் சிக்கினால் பரவாயில்லை போலிருக்கிறது!

"எங்கண்ணன் உயிரோட இருந்தா, தொரை?"

"மேலிருந்து பார்த்ததில் அசைவே இல்லை."

வரதனின் மேலதிகாரி ஜமேதார் ஆசீர்வாதம் மீசையைத் தடவினார். "அசையலன்னா செத்துட்டான்னு அர்த்தமா? உச்சிக்குள்ள தூக்கினு வந்துடறோம். வாடா வரதா!"

வறண்ட வாய்க்காலுக்குள் குனிந்தபடியே ஓடினார்கள். கரையேறியதும் விமானம் தெரிந்தது. மூக்கு நொறுங்கியிருந்தாலும் சக்கரங்களின்மேல் நின்றது. விமானியின் தலையில் பாதியைக் காணோம். பின்னால் எத்திராஜு ரத்தத்தில் ஊறிக் கிடந்தான். இரண்டு தொடையிலும் குண்டு.

"ஏன்டா வந்தே, மடையா?" என்றான் தம்பியிடம். அந்தத் திட்டைக் கேட்டதும் வரதனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வரதன் அண்ணனின் அக்குளில் கை கொடுத்தபோதே எதிரே புழுதி எழுந்தது. துருக்கிக் குதிரைப்படை! ஆளைச் சுமந்துகொண்டு குதிரையை முந்த முடியுமா?

"என்னைத் தூக்காதீங்க! வாலைத் தூக்குங்க!" என்று கத்தினான் எத்திராஜு. பின் இருக்கைத் துப்பாக்கி பின்பக்கம்தான் சுடும். முன்பக்கம் சுட்டால் சொந்த இறக்கையே சிதறும். குதிரைகளோ முன்பக்கமிருந்து வந்தன.

ஜமேதாரும் வரதனும் வால் கட்டையைத் தோளுக்குத் தூக்கினார்கள். ஒரே தள்ளு! விமானம் சக்கரத்தில் சுழன்று திரும்பியது. துப்பாக்கி சடசடத்தது. முதல் வரிசைக் குதிரைகள் வயிறு கிழிந்து, ஆட்களோடு உருண்டன. மிச்சமிருந்தவர்கள் இடப்பக்கம் பிரிந்து பாய்ந்தார்கள்.

"மறுபடி தூக்குங்க!"

தூக்கும்போது ஜமேதாரின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. அவர் வாலை விடவில்லை. "அப்புறம் அழுவலாம், இப்போ தள்ளுடா!" என்று உறுமியபடி வாலைச் சரியாகத் திருப்பிவைத்துவிட்டுத்தான் விழுந்தார். வாளோடு ஒருவன் நெருங்கிவிட்டான். வரதன் முதுகில் கட்டியிருந்த மண்வெட்டியை உருவி அவன் முகத்தைப் பிளந்தான்.

அப்போது வானத்தில் எஞ்சின் சத்தம். நம் விமானம்! சந்தோஷம் ஒரு மூச்சுக்குக்கூட நிற்கவில்லை. அது இவர்கள்மீதே பாய்ந்து சுட்டது! காலையில் கிழக்கே பார்த்துக் கிடந்த விமானம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்ததே. துருக்கியர் இழுத்துப் போகிறார்கள் என்றுதான் மேலே இருந்தவன் நினைத்திருப்பான். வரதன் கையை ஆட்டிக் கத்தினான். பலனில்லை.

எத்திராஜு துப்பாக்கியைக் கழற்றத் தொடங்கினான்.

"அண்ணே, குதிரைங்க வருது! சுடு!"

"வாங்குடா!"

முகாமின் விமானத் தளத்தில் இறங்கியதும் பின்னால் இருப்பவன் துப்பாக்கியைக் கழற்றி, இரு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, கீழே நிற்பவனிடம் கொடுப்பான். அது அவர்கள் தளத்து வழக்கம். வேறு யாருக்கும் தெரியாது. குதிரைகள் பாய்ந்து வரும்போது எத்திராஜு அதைத்தான் செய்தான். வரதன் இரு கையையும் நீட்டினான்.

விமானம் அவர்கள் தலைக்கு மேல் உரசிப் போனது. சுடவில்லை! வளைந்து திரும்பி, குதிரைப்படைமீது இறங்கியது. பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது, வெறும் கசாப்பு. வரதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மேலே விமானம் காவல் சுற்ற, ஆட்கள் வந்து எல்லோரையும் சுமந்து சென்றார்கள். முகாமே ஆரவாரித்தது. "அபாரமான குறி, எத்திராஜு!" என்றார் துரை. சுடுகிறவனைப் பாராட்டுவது சுலபம்.

"சுட்டது நான்தாங்க, தொரை," என்றான் எத்திராஜு, பக்கத்தில் கம்பளி போர்த்தியிருந்த உடலைக் காட்டி. "திருப்பினது அவரு."

துரை தொப்பியைக் கழற்றினார். கம்பளிக்கு வெளியே ஜமேதாரின் கை நீண்டிருந்தது. உள்ளங்கை முழுக்க வால் கட்டையின் மரச் சிலாம்புகள். வரதன் அருகில் உட்கார்ந்து, அவருக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல, அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.