திரும்பிப் பார்த்த வாத்து

"அம்மா, ஏம்மா டிவியைப் பிடிச்சுத் திருப்புற?"

"இது டிவி இல்லடி, கம்ப்யூட்டர். திருப்பாம எப்படி வரையறது?"

அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியிருந்த காலம் அது. பள்ளி விடுமுறை என்பதால் அம்மாவோடு விளம்பர அலுவலகத்துக்கு வந்திருந்தாள் மகள். ஓயாமல் பேசுவதால் அங்கே எல்லோருக்கும் அவள் 'ரேடியோ'.

போன வாரம்வரை அம்மாவின் மேசையில் பேனா, மை, பசை எல்லாம் இருந்தன. இப்போது அந்தப் பெட்டிதான். அதில் ஒரு சோப்பு அட்டைக்கு வாத்து வரைய வேண்டும்.

மானேஜர் எட்டிப் பார்த்தார். திரையில் வாத்தின் கழுத்து கோணல்மாணலாக நின்றது.

"என்னம்மா, வாத்துக்குக் கழுத்துச் சுளுக்கா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூணு மணிக்குள்ள வரலேன்னா படம் போடுற வேலையை வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும். நீங்க கவர் ஒட்டுற பக்கம் போயிடுங்க. தப்பா நினைக்காதீங்க."

அவர் போனதும் அம்மாவின் முகம் சுண்டிப் போனது. "பதினாலு வருஷமா வரையறேன். இந்த மவுஸ் என் பேச்சைக் கேட்கவே மாட்டேங்குது."

ரேடியோ அதிசயமாக வாயை மூடிக்கொண்டு யோசித்தாள். வளைவு வரும்போது அம்மா கையை வளைக்கமாட்டாள். காகிதத்தைத்தான் மெல்லத் திருப்புவாள். இங்கே திருப்பக் காகிதம் இல்லை. அதனால்தான் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறாள்!

இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடித் தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். "எப்பவும்போல இதுல வரைம்மா."

அம்மா தாளைச் சுழற்றிச் சுழற்றி ஒரே மூச்சில் வாத்தை வரைந்தாள். ரேடியோ அதைத் திரைமேல் ஒட்டினாள்.

"இப்ப இந்தக் கோட்டு மேலேயே மவுஸால புள்ளி புள்ளியா வை. கழுத்துகிட்ட மட்டும் நெருக்கமா வை."

"அடி கள்ளி!"

அம்மா வைத்த புள்ளிகளைக் கம்ப்யூட்டரே கோடாக இணைத்தது. மூன்று மணிக்கு மானேஜர் வந்தபோது அம்மா தாளை உரித்தாள். திரையில் கழுத்தை அழகாக வளைத்தபடி நின்றது வாத்து.

"பிரமாதம்! ஆனா..." மானேஜர் தலையைச் சொறிந்தார். "சோப்பு பேரு இடது பக்கம் வருது. வாத்து அந்தப் பக்கம் பார்க்கணும். மறுபடியும் முதல்லேர்ந்து வரையணுமோ?"

போன வாரம் கம்ப்யூட்டர் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த ஒன்று அம்மாவுக்கு நினைவு வந்தது. மவுஸை ஒரு தட்டுத் தட்டினாள். வாத்து சட்டென்று இடப்பக்கம் திரும்பிக்கொண்டது.

கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"காலையிலேர்ந்து பெட்டியைப் பிடிச்சு இழுத்தேனே," என்று ரேடியோவின் காதில் சொன்னாள். "இவ்வளவு லேசா திரும்புமா இது!"