கோளாறு எந்தப் பக்கம்

சட்டையின் மூன்றாவது பொத்தானிலேயே அந்த ஞாயிற்றுக்கிழமை கெட்டுப் போய்விட்டது.

"காஜா எடுத்திருக்கான் பாரு, காஜா... நூல் கூட நுழையாது. அவனெல்லாம் ஒரு டெய்லர்" என்று கண்ணாடி முன்னால் நின்று பொரிந்து தள்ளினார் மெக்கானிக்.

அவருடைய மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். போன வாரம்தான் அவருடைய சட்டைகள் அத்தனையையும் எடுத்து, காஜாக்களை பிளேடால் கொஞ்சம் பெரிதாக்கி ஓரம் தைத்து வைத்திருந்தாள். இன்னும் பெரிதாக்கினால் பொத்தான் தானாகவே கழன்று விழும். உதவலாம் என்று கிட்டே போனாள்.

"நான் என்ன பால்வாடிப் பிள்ளையா? போ, போய் வேலையைப் பாரு" என்று கையைத் தட்டிவிட்டார்.

அவள் போய் வேலையைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக அவள் பார்த்துக்கொண்டிருப்பது வேலையைத்தான்.

பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு மெக்கானிக் சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். டி.வி.யில் மாட்டி ஆடும் கேம் மெஷினின் ஜாய்ஸ்டிக் ஒன்றைக் கழற்றிப் பரப்பினார். இந்த வருஷத்தில் அதைக் கழற்றுவது எத்தனையாவது தடவை என்று அவளுக்கே நினைவில்லை. குமிழை மாற்றினார், ஸ்பிரிங்கை மாற்றினார், உள்ளே இருக்கும் பலகையையே புதிதாகப் போட்டார். "சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேங்குது. திருப்புனா ஒரு கணம் கழிச்சுத்தான் திரும்புது" என்று அதைத் திட்டினார். திருகாணி ஒன்று அவருடைய விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவள் குனிந்து எடுத்து, அவர் பார்க்காதபோது மேஜையில் வைத்தாள்.

மெக்கானிக்குக்குக் கேம் மெஷின் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. ஒரு காலத்தில் பையன்கள் மெஷினை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடை வாசலில் வரிசையில் நிற்பார்கள். இப்போது அந்த வரிசை எங்கே போனது? எல்லாரும் போனில் ஆடுகிறார்கள். பஸ் வருவதற்குள் ஒரு ஆட்டம், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு ஆட்டம், குளியலறையில் ஒரு ஆட்டம். டி.வி. முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார் என்றால் அது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தண்டனை மாதிரி. கடையில் இப்போது தூசி தட்டுவதுதான் முக்கால்வாசி வேலை. ஆகவே போன் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஆகாது.

அந்தப் போனை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அவள்தான். அதுதான் அவள் செய்த குற்றம்.

அவருடைய தம்பியை வீட்டில் எல்லாரும் சின்னவன் என்றே கூப்பிடுவார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் இருபத்திரண்டு வயது இடைவெளி. மாமியார் கண்ணை மூடியபோது அவனுக்கு ஏழு வயது. ஐந்து மாதம் ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். யார் யாரோ என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைசியில் மெக்கானிக், எவனோ கடையில் போட்டுவிட்டுத் திரும்பி வராத ஒரு மெஷினைச் சரி செய்து கொண்டுவந்து டி.வி.யில் மாட்டினார். கார் பந்தயம். மூன்றாம் நாள், "அண்ணா, நீ கள்ளாட்டம் ஆடுற" என்றான் பையன். அடுப்படியில் நின்றிருந்த அவள் அதைக் கேட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து ஆட்டம். தோற்றவர் அன்றைக்குப் பாத்திரம் துலக்க வேண்டும். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. யாராவது கேட்டால், "ஏன், ஒண்ணு இருக்கே" என்று சின்னவனைக் காட்டுவாள். தலைக்கு எண்ணெய் வைத்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு கிடந்தது எல்லாம் அவள்தான்.

போன வருஷம் ஒரு நாள் அந்தப் பிள்ளை அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"அண்ணி... அண்ணனோட கட்டைவிரலைக் கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தாள். அவள் வேலை பார்ப்பது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்மேஜையில். அப்படிச் சொன்ன பேச்சைக் கேட்காத, நடுங்கும் விரல்களோடு எத்தனையோ பேர் அவளிடம் வந்து சீட்டு வாங்கியிருக்கிறார்கள். முதல் தடவை வரும்போது தாங்களே கையெழுத்துப் போடுவார்கள். இரண்டு வருஷம் கழித்து, கூட வருபவர்கள் போடுவார்கள்.

"எல்லா ஆட்டத்துலயும் தோக்குறாரு அண்ணி. வேணும்னே தோத்துக் குடுக்கலாம்னு பார்த்தா கண்டுபிடிச்சிடுவாரு. எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதானே... நீங்க எனக்கு ஒரு போன் வாங்கிக் குடுங்க. கூடப் படிக்கிற எல்லாரும் அதுலதான் ஆடுறாங்க, எனக்கும் அதுதான் புடிக்குதுன்னு சொல்லிடுறேன். அப்பவாவது அவரு நிம்மதியா இருப்பாரு."

"டாக்டர்கிட்ட..."

"நீங்கதான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தீங்களே. என்ன சொன்னாரு?"

என்ன சொன்னார் என்பதை அவள் மறக்கவில்லை. 'என் கையைப் பத்தி இன்னொரு தடவை பேசாத. கை போச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு?' என்றார்.

தனக்கென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்துப் போன் வாங்கிக் கொடுத்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சின்னவன் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். அதிலிருந்து இந்த வீட்டில் எது கெட்டாலும் பழி அவள் தலையில்தான். தம்பி பேசவில்லையா, அவள் வாங்கிக் கொடுத்த போன். சாப்பிட வரவில்லையா, அவள் வாங்கிக் கொடுத்த போன்.

ஒன்பது மணிக்கு நாத்தனார் வந்தாள். மெக்கானிக்கின் கூடப் பிறந்த அக்காள். தாசில்தார் அலுவலகத்தில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். ஓய்வு அவளுக்குத்தான், அதிகாரத்துக்கு இல்லை.

"எங்கடா அவன்?" என்றாள், செருப்பைக் கழற்றும்போதே.

உள் அறையிலிருந்து சின்னவனின் குரல் கேட்டது. "பின்னாடி வர்றான்டா, பின்னாடி... என்னைத் தூக்கி விடு, சீக்கிரம்." காதில் மாட்டிக்கொண்டு, எந்தெந்த வீட்டிலோ படுத்திருக்கும் மூன்று நண்பர்களோடு போனில் ஆடிக்கொண்டிருந்தான்.

"கேக்குதா அக்கா? இதே வீட்டுல இருக்கிற அண்ணன்கூட உக்கார நேரமில்ல. மூஞ்சி தெரியாதவன்லாம் தூக்கி விடணும்" என்றார் மெக்கானிக். அவருடைய குரல் கரகரத்தது. "ஒரு வருஷமாச்சு... என் பக்கத்துல வந்து உக்காந்து."

"அவனைச் சொல்லி என்ன பண்றது? வாங்கிக் குடுத்த மகராசியைச் சொல்லு. தான் பெத்திருந்தா இப்படிச் செல்லம் குடுத்துக் கெடுத்திருப்பாளா?"

அவள் தேநீர் டம்ளரைக் கொண்டுவந்து, சிந்தாமல் நாத்தனார் முன்னால் வைத்தாள்.

"ஆறின டீயைக் குடுக்காத" என்றாள் நாத்தனார்.

மெக்கானிக் எழுந்து போய் அறைக் கதவைத் திறந்தார். "டேய், இங்க வா. இன்னிக்குப் பத்து ஆட்டம். வந்து உக்காரு."

சின்னவன் காதிலிருந்ததைக் கழற்றினான். "வேணாம்ணா... எனக்கு அது இப்பல்லாம் போரடிக்குது."

"நான் போரடிக்கிறேன்னு சொல்லு."

"ஐயோ, அப்படி இல்லண்ணா..."

"இந்த வீட்டுல இருந்தா என்கூட உக்காந்து ஆடணும். இல்லேன்னா பையைக் கட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போ. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

பையன் அண்ணனைப் பார்த்தான், அண்ணனுடைய வலது கையைப் பார்த்தான். அது பேன்ட் பைக்குள் ஒளிந்திருந்தது. பிறகு எழுந்து, அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்தான்.

அண்ணனைத் தோற்கடிப்பதைவிட வீட்டை விட்டுப் போவதே மேல் என்று அவன் முடிவு செய்துவிட்டான். அது அவளுக்கு மட்டும் புரிந்தது. மெக்கானிக்குக்குப் புரிந்தது வேறு. அவருடைய முகம் ஒரேயடியாகக் கிழடு தட்டிப் போனது.

"பார்த்தியாக்கா? போறானாம்... அந்தக் கையகல டப்பாவுக்காகப் போறானாம்." என்றவர் மனைவி பக்கம் திரும்பினார். "நல்லா வளர்த்தடி, என் வீட்டை ரெண்டாக்குன."

பையோடு சின்னவன் வாசலுக்கு வந்துவிட்டான். "வர்றேன் அண்ணி" என்றான். கண்ணாலேயே, சொல்லிடாதீங்க என்று கெஞ்சினான்.

பதினெட்டு வருஷமாக எதையெதையோ விழுங்கியவள்தான். ஆனால் இதை விழுங்க முடியவில்லை. மெக்கானிக்கின் மேஜைக்குப் போனாள்.

"என்னங்க... கடையில ஒரு மெஷின் வந்தா, கோளாறு எதுலன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"இப்ப இது எதுக்கு?"

"சொல்லுங்க."

"சந்தேகப்பட்ட பார்ட்டை வேற மெஷின்ல மாத்திப் போட்டுப் பார்ப்பேன். கூடவே கோளாறும் போனா அந்தப் பார்ட்ல இருக்கு. இருந்த இடத்துலயே இருந்தா வேற எங்கயோ இருக்கு. எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரியும்."

"வெளி மெஷினுக்கெல்லாம் அதைச் செய்யிறீங்க. இதுக்கு ஏன் செய்யல? ஒரு வருஷமா உங்க ஜாய்ஸ்டிக்கையே கழட்டி மாட்டுறீங்களே... அதை அவன்கிட்டக் குடுங்க. அவனோடதை நீங்க வெச்சுக்கோங்க."

"அண்ணி, வேணாம்" என்றான் சின்னவன்.

"பையைக் கீழ வை. உன்னைப் பையோட அனுப்பிட்டு இந்த வீட்டுல நான் எந்த மூஞ்சியோட இருப்பேன்? உக்காரு."

அவள் அதட்டி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நாத்தனார்கூட டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் உட்கார்ந்தான்.

மெக்கானிக் திருகாணிகளை முடுக்கிவிட்டு, 'கெட்டுப்போன' ஜாய்ஸ்டிக்கைத் தம்பியிடம் வீசினார். ஆட்டம் தொடங்கியது. முதல் வளைவில் அவருடைய கார் சுவரில் மோதி நின்றது. பதின்மூன்று வருஷமாக அவர் கண்ணை மூடிக்கொண்டு கடந்த வளைவு. சின்னவனின் கார் வழுக்கிக்கொண்டு அதைத் தாண்டியது. பழக்க தோஷத்தில் தாண்டிவிட்டான். அடுத்த கணமே சுதாரித்து, நேரான சாலையில் காரைத் திருப்பிச் சுவரில் மோதினான்.

"பாருங்கண்ணா... இது கெட்டுத்தான் போச்சு" என்றான் அவசரமாக.

மெக்கானிக் திரையைப் பார்க்கவில்லை. தம்பியின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சொன்னதைச் சொன்ன கணத்தில் செய்தது. நேர்ச்சாலையில் வலப்பக்கம் அழுத்தித் திருப்பியதையும் பார்த்துவிட்டார். பிறகு தன் விரலைப் பார்த்தார்.

அவர் ஜாய்ஸ்டிக்கை மேஜையில் வைத்தார்.

"எத்தனை நாளாத் தெரியும்?" என்று கேட்டார்.

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். "போன வருஷத்துலேருந்துண்ணா. போன் வேணும்னு அண்ணி சொல்லல... நான்தான் கேட்டேன். உங்களைத் தோக்கடிக்க எனக்கு மனசு வரல. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்குனேன்."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். "இத்தனை நாளும் என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டியே... ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா 'அப்புறம் நான் எதுக்கு'ன்னு கேட்டிருப்பீங்க. அதுக்கு என்கிட்டப் பதில் இல்லைங்க" என்றாள் அவள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நாத்தனார் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். "உக்காரும்மா... நான் போய் வேற டீ போடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டப்பா டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அப்போ போன்ல ஆடுறது பிடிக்கும்னு சொன்னது பொய்யா?" என்றார் மெக்கானிக். அந்தக் குரலில் ஒரு ஆசை இருந்தது.

சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வருஷம் பொய் சொன்னதன் பலனை இப்போதுதான் பார்த்திருந்தான்.

"முதல்ல பொய்தான்ணா. இப்ப... நிஜமாவே அதுதான் பிடிச்சிருக்கு. என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அங்கதான் இருக்காங்க."

மெக்கானிக் தலையை ஆட்டினார். "குடு, பார்க்கலாம்" என்று போனை வாங்கினார். தம்பி பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, இங்கே தொடு, இப்படி இழு என்று சொல்லிக் கொடுத்தான். போனின் கண்ணாடியில் விரலை ஓரிடத்தில் வைத்தால் வேறோர் இடத்தில் போய் நின்றது. திரையில் இருந்த ஆள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து செத்துப்போனான். "பரவாயில்லண்ணா, முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான்" என்றான் சின்னவன். அவர் இன்னொரு தடவை முயன்றார். பிறகு போனைப் பத்திரமாகத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ ஆடு. உன் சிநேகிதன்லாம் காத்துக்கிட்டிருப்பான். நான் பக்கத்துல உக்காந்து பார்க்கிறேன்."

"நான் எங்கயும் போகலண்ணா."

"தெரியும்டா."

அவள் கீழே, அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷமாகப் பையிலும் மேஜைக்கு அடியிலும் ஒளித்து வைத்திருந்த வலது கையை அவர் தானாகவே அவளிடம் நீட்டினார். கடைக்கு மெஷினைக் கொண்டுவருகிறவர்கள் எல்லாம் அவரிடம் கேட்கிற கேள்வியை அவர் அவளிடம் கேட்டார்.

"இது சரியாயிடுமா?"

சரியாகாது என்று அவளுக்குத் தெரியும். முன்மேஜையில் உட்கார்ந்து எத்தனை சீட்டு எழுதியிருக்கிறாள்.

"நாளைக்கு நானும் லீவு போடுறேங்க. சேர்ந்தே போவோம்" என்றாள்.

அவர் குனிந்து அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தையைப் போல விசும்பினார். அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தாள். எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் உள்ளே அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.